வலி போச்சு... கணுக்கால் சரியாச்சா? சுளுக்குக்குப் பிறகு வீட்டிலேயே செய்ய வேண்டிய பயிற்சிகள்!

2023 அக்டோபர் 19. புனேயில் இந்தியா - வங்கதேசம் உலகக் கோப்பைப் போட்டி. ஹர்திக் பாண்டியா தன் முதல் ஓவரில் மூன்று பந்துகள்தான் வீசியிருந்தார். லிட்டன் தாஸ் நேராக அடித்த பந்தைக் காலால் தடுக்கப் போனவர், நிலைதடுமாறி விழுந்தார். இடது கணுக்காலில் காயம். மீதி மூன்று பந்துகளை விராட் கோலி வீச, 'அட, கோலி பௌலிங்!' என்று நாமெல்லாம் அந்த வீடியோவைப் பகிர்ந்துகொண்டிருந்தோம். பாண்டியா ஒரு வாரத்தில் வந்துவிடுவார் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால், நவம்பர் 4-ம் தேதி அவர் உலகக் கோப்பையிலிருந்தே விலகினார். பெரிய போட்டி ஒன்றில் அவரை மறுபடி பார்த்தது 2024 மார்ச்சில், ஐ.பி.எல்-லில்தான். ஐந்து நாள்களில் திரும்பிவிட வேண்டும் என்று ஊசிகள் போட்டுக்கொண்டு அவசரப்பட்டதாகவும், அதனால் காயம் மறுபடி பெரிதாகி மாதக்கணக்கில் இழுத்துவிட்டதாகவும் பின்னர் அவரே ஒரு பேட்டியில் சொன்னார்.

கூப்பிட்ட குரலுக்கு டாக்டரும் பிசியோதெரபிஸ்ட்டும் இருக்கிறவருக்கே இந்த நிலை. நம் வீட்டில் என்ன நடக்கிறது? பஸ் முழுதாக நிற்பதற்குள் இறங்கும்போதோ, சாக்கடை மூடியின் ஓரத்தில் தெரியாமல் கால் வைக்கும்போதோ அம்மாவுக்குக் கணுக்கால் மடங்கிவிடும். அன்று ராத்திரி புளியும் உப்பும் கொதிக்கவைத்து ஒரு பற்று. மறுநாள் மெடிக்கல் ஷாப்பில் ஒரு வலி மாத்திரை, ஒரு கிரேப் பேண்டேஜ். நாலாம் நாள் காலை, நொண்டிக்கொண்டே அடுப்படியில் நின்றுகொண்டிருப்பார். பத்து நாளில் வலி போய்விடும். 'சுளுக்குதானே, சரியாயிடுச்சு' என்று கதை முடிந்துவிடும்.

ஆறு மாதம் கழித்து அதே கால், அதே இடத்தில் மறுபடி மடங்கும்போதுதான் கேள்வி வரும். 'அது என்ன, எனக்கு மட்டும் இந்தக் காலே மடங்குது?'

இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகில் தெளிவான பதில் இருக்கிறது. வலி போவது ஒன்று, கணுக்கால் பழையபடி ஆவது வேறொன்று. முதலாவது பெரும்பாலும் தானாக நடந்துவிடும். இரண்டாவது நடக்க, பயிற்சி வேண்டும்.

உள்ளே என்ன கிழிகிறது?

கணுக்காலின் வெளிப்பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பைத் தொட்டுப் பாருங்கள். அந்த எலும்பைப் பாதத்தோடு சேர்த்துப் பிடித்திருப்பவை மூன்று தசைநார்கள். லிகமென்ட் என்று டாக்டர்கள் சொல்வது இவற்றைத்தான். பாதம் உள்பக்கமாக மடங்கும்போது இவை ஓர் அளவுக்கு மேல் இழுபடுகின்றன. பெரும்பாலான சுளுக்குகளில் முதலில் அடி வாங்குவது முன்பக்கத்துத் தசைநார். மடங்கிய வேகம் அதிகமென்றால் நடுவில் இருப்பதும் சேர்ந்து கிழியும்.

வெறுமனே இழுபட்டு நுண்ணிய கிழிசல்கள் மட்டும் இருந்தால் முதல் நிலை. பாதி கிழிந்து, வீக்கமும் நீலம் பாய்ந்ததும் தெரிந்தால் இரண்டாம் நிலை. முழுதாக அறுந்து, மூட்டு ஆட்டம் காண்பது மூன்றாம் நிலை. முதல் நிலைக்காரர் ஓரிரு வாரங்களில் நடமாடிவிடுவார். மூன்றாம் நிலைக்கு மாதங்கள் ஆகும். ஆனால், வெளியில் தெரியாத ஒரு சேதம் எல்லா நிலைகளிலும் ஏதோ ஓர் அளவுக்கு இருக்கிறது. அதைக் கவனித்தவர் எம்.ஏ.ஆர். ஃப்ரீமேன் என்ற லண்டன் எலும்பு மருத்துவர். வருடம் 1965.

தசைநார் என்பது வெறும் கயிறு அல்ல. அதற்குள் நரம்பு முனைகள் இருக்கின்றன. 'பாதம் இப்போது இந்தக் கோணத்தில் இருக்கிறது, சாய ஆரம்பிக்கிறது' என்ற தகவலை நொடிக்கு நொடி மேலே அனுப்புவது அவற்றின் வேலை. கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் நாம் விழாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தசைநார் கிழியும்போது இந்த நரம்பு முனைகளும் சேர்ந்து சேதமாகின்றன என்பதுதான் ஃப்ரீமேனும் அவருடைய சகாக்களும் முன்வைத்த கருத்து. தசைநார் ஆறிவிட்டாலும் தகவல் தாமதமாகப் போகும். கல் மீது கால் பட்டு, பாதம் சாய்ந்து, 'பிடி' என்று தசைக்கு உத்தரவு வருவதற்குள் கால் மடங்கி முடிந்திருக்கும். ஆடும் பலகையின் மேல் நின்று பழகினால் இந்தத் தகவல் பாதையை மறுபடி கூர்மையாக்கலாம் என்றும் அவர்கள் சொன்னார்கள். பிசியோதெரபி சென்டர்களில் மூலையில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும் அந்த வட்டப் பலகையின் கதை இதுதான். கணுக்கால் ஏன் தடுமாறுகிறது என்பதற்கு அதன் பிறகு வேறு சில காரணங்களும் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. ஆனாலும் அந்தப் பலகைக்கு வேலை குறையவில்லை.

இது நிஜமாகவே பலன் தருகிறதா? நெதர்லாந்தில் சுளுக்கு ஏற்பட்ட 522 விளையாட்டுக்காரர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்துப் பார்த்தார்கள். 12 வயதிலிருந்து 70 வயது வரை ஆள்கள் இருந்தார்கள். இரு குழுக்களுக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு. ஒரு குழு மட்டும் கூடுதலாக எட்டு வாரங்கள், வாரத்துக்கு மூன்று முறை, வீட்டிலேயே, யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் சமநிலைப் பயிற்சிகள் செய்தது. ஒரு வருடம் கழித்துக் கணக்கெடுத்தபோது, பயிற்சி செய்யாதவர்களில் 33 சதவிகிதம் பேருக்கு மறுபடி சுளுக்கு. செய்தவர்களில் 22 சதவிகிதம். 2009-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு இது. 'வீட்டிலேயே, மேற்பார்வை இல்லாமல்' என்பதுதான் நமக்கு முக்கியம்.

முதலில் ஒரு சந்தேகம்: சுளுக்கா, எலும்பு முறிவா?

பயிற்சிக்குப் போவதற்கு முன்னால் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-ல் வகுத்த எளிய விதிகள் உலகம் முழுக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இன்றும் பயன்படுகின்றன. கணுக்காலின் இரண்டு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்புகளின் நுனியிலோ, பின்விளிம்பிலோ விரலால் அழுத்தினால் வலிக்கிறதா? பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டு விரலிலிருந்து பின்னோக்கி வந்தால் நடுவில் புடைத்திருக்கும் எலும்பிலோ, உள்பக்கம் பாதத்தின் வளைவுக்கு மேலே உள்ள எலும்பிலோ வலிக்கிறதா? அடிபட்ட உடனேயும் சரி, டாக்டரிடம் போனபோதும் சரி, நாலு அடி எடுத்துவைக்க முடியவில்லையா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நொண்டிக்கொண்டு நடந்தாலும் அது நடை கணக்குதான்.

குழந்தைகளுக்கும், எலும்புத் தேய்மானம் உள்ள வயதானவர்களுக்கும் இந்த விதிகளை நம்பி வீட்டில் முடிவெடுக்க வேண்டாம். நேராக டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. சர்க்கரை நோயாளிகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. நரம்பு மரத்துப்போன பாதத்தில் முறிவு இருந்தாலும் வலி தெரியாது. பாதம் சிவந்து, சூடாக, வீங்கி இருக்கிறது, ஆனால் பெரிதாக வலியில்லை என்றால், அதைச் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருப்பது ஆபத்து. சர்க்கரை நோயால் பாத எலும்புகளே நொறுங்க ஆரம்பிக்கும் நிலையின் முதல் அறிகுறியும் அப்படித்தான் இருக்கும்.

நீவுவது என்றதும் இன்னொன்று. 'காலால் பிறந்தவங்க மிதிச்சா சுளுக்கு போயிடும்' என்பதில் தொடங்கி புத்தூர் கட்டு வரை நம்மிடம் வைத்தியத்துக்குப் பஞ்சமே இல்லை. கட்டுப் போட்டால் கால் அசையாமல் இருக்கும், அதனால் வலி குறையும் என்பது உண்மை. ஆனால், எக்ஸ்ரே பார்க்காமல் இழுத்துவிடுவதும், கிழிந்து ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் இடத்தில் முதல் இரண்டு மூன்று நாள்களில் அழுத்தி நீவுவதும் வீக்கத்தைக் கூட்டத்தான் செய்யும். அந்த நாள்களில் சுடுநீர் ஒத்தடமும் வேண்டாம்.

ஐஸ் வைக்கலாமா?

'ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்திவைப்பது' என்ற நாலு அம்ச ஃபார்முலாவை 1978-ல் தன் புத்தகத்தில் பிரபலமாக்கியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். 2014-ல் அவரே, ஐஸும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதினார். இன்றைய நிலைமை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வலியைக் குறைக்க முதல் ஓரிரு நாள்கள் துணியில் சுற்றி 10 - 15 நிமிடங்கள் ஐஸ் வைப்பதில் தவறில்லை. நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது, உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு வைக்கவே கூடாது. ஆனால், பத்து நாள் கட்டிலில் படுத்திருப்பதை இப்போது யாரும் பரிந்துரைப்பதில்லை. 2019-ல் இரண்டு கனடா பிசியோதெரபிஸ்ட்டுகள் முன்வைத்த புதிய வழிமுறை, முதல் சில நாள்கள் காலைப் பாதுகாத்த பிறகு, வலி அனுமதிக்கும் அளவுக்குச் சீக்கிரமே எடை போட்டு நடக்கவும் அசைக்கவும் சொல்கிறது. முழுதாகக் கிழிந்தவர்களுக்கு மட்டும் சில நாள்கள் கட்டோ, பூட்டோ தேவைப்படலாம். அதை டாக்டர் முடிவு செய்வார்.

கிரேப் பேண்டேஜை விரல் பக்கத்திலிருந்து மேல்நோக்கி, கணுக்காலில் எட்டு வடிவத்தில் சுற்ற வேண்டும். நம்மில் பலர் கணுக்காலில் மட்டும் நாலு சுற்று சுற்றி க்ளிப் போடுகிறோம். அப்படிச் செய்தால் வீக்கம் பாதத்துக்கு இறங்கிவிடும். விரல்கள் நீலமானாலோ, மரத்துப்போனாலோ உடனே தளர்த்துங்கள். படுக்கும்போது காலுக்கடியில் இரண்டு தலையணை.

பெருவிரலால் 'அ' எழுதுங்கள்

முதல் பயிற்சியைப் படுத்தபடியே ஆரம்பிக்கலாம். பாதத்தை முகத்தை நோக்கி இழுப்பது, பிறகு தையல் மெஷினை மிதிப்பதுபோலக் கீழே அழுத்துவது. விழித்திருக்கும்போது ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை, பத்துப் பதினைந்து முறை. வீக்கத்தை வடியவைக்க இதுவே நல்ல வழி. டி.வி பார்த்துக்கொண்டே செய்யலாம்.

மூன்று நான்கு நாள்களில் வலி கொஞ்சம் தணிந்ததும் எழுத்துப் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து, காலைத் தரையில் படாமல் நீட்டி, பெருவிரலைப் பேனாவாக நினைத்துக் காற்றில் எழுத வேண்டும். ஆங்கிலப் புத்தகங்களில் ஏ, பி, சி, டி எழுதச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், இதற்குத் தமிழ்தான் பொருத்தம். 'இ', 'ஞ', 'ஐ' மூன்றையும் ஒருமுறை எழுதிப் பாருங்கள், கணுக்கால் எல்லாத் திசையிலும் ஒரு சுற்று சுற்றி வந்துவிடும். முழங்காலை ஆட்டாமல் கணுக்காலை மட்டும் அசைக்க வேண்டும் என்பதுதான் விதி. உயிரெழுத்துகள் பன்னிரண்டும் ஒரு ரவுண்டு, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று ரவுண்டு.

அடுத்தது நம் ஊருக்கு மிக முக்கியமான பயிற்சி. சுளுக்குக்குப் பிறகு பெரும்பாலானவர்கள் இழக்கும் அசைவு, பாதத்தை முன்னோக்கி மடக்குவது. வெஸ்டர்ன் டாய்லெட், நாற்காலி, கார் என்று வாழ்கிறவர்களுக்கு இது தெரியாமலேகூடப் போகலாம். இந்தியன் டாய்லெட்டில் உட்காரும்போதும், குத்துக்காலிட்டுக் காய்கறி நறுக்கும்போதும், கோலம் போடும்போதும் உடனே தெரிந்துவிடும். குதிகால் தரையில் படியாது, உடம்பு மற்ற காலுக்குச் சாயும். அந்தச் சாய்வு நாளடைவில் முழங்காலையும் இடுப்பையும் தொந்தரவு செய்யும்.

இதைச் சோதிக்க ஒரு சுவர் போதும். சுவரைப் பார்த்து நின்று, அடிபட்ட காலை முன்னால் வையுங்கள். குதிகாலைத் தூக்காமல் முழங்காலை மடக்கிச் சுவரைத் தொட முயலுங்கள். தொட முடிந்தால் பாதத்தை இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்த்துங்கள். குதிகால் எழும்பாமல் முழங்கால் சுவரைத் தொடும் கடைசி இடத்தில், பெருவிரலுக்கும் சுவருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். சுமார் 10 செ.மீ. இருந்தால் நல்லது. அதைவிட முக்கியம், நல்ல காலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. இரண்டுக்கும் இரண்டு செ.மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேலை பாக்கி இருக்கிறது. இதே சோதனைதான் பயிற்சியும். ஒரு நாளைக்கு 10 - 15 தடவை, மெதுவாக. கூடவே, சுவரைத் தள்ளுவதுபோல நின்று, அடிபட்ட காலைப் பின்னால் நீட்டி, கெண்டைக்கால் சதை இழுபடும்படி 30 நொடிகள் நிற்பது, மூன்று முறை.

முதல் சில வாரங்கள் சம்மணம் போட்டு உட்கார வேண்டாம். அந்த நிலையில் பாதம் உள்பக்கம் மடங்கி, கிழிந்த தசைநார்தான் இழுபடும்.

வலுவுக்கு ரப்பர், சமநிலைக்குப் பால் பாத்திரம்

இரண்டாவது வாரத்திலிருந்து, வலியில்லாமல் நடக்க முடிந்தால், வலுவூட்டும் பயிற்சி. பிசியோதெரபி பொருள்கள் விற்கும் கடைகளில் ரெசிஸ்டன்ஸ் பேண்ட் என்று ரப்பர் பட்டை கிடைக்கும். இல்லையென்றால் சைக்கிள் கடையில் பழைய ட்யூபிலிருந்து நீளமாக ஒரு துண்டு வெட்டித் தரச் சொல்லுங்கள். ட்யூபின் ஒரு நுனியைக் கட்டில் காலில் கட்டி, மறு நுனியைப் பாதத்தில் மாட்டி, பாதத்தை வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும். கெண்டைக்காலின் வெளிப்பக்கத்தில் இருக்கும் தசைகள் செய்யும் வேலை இது. கால் உள்ளே மடங்கப் போகும்போது இழுத்துப் பிடிக்கும் காவலாளிகள் இவை. இழுப்பதைவிட, மெதுவாகத் திரும்ப விடுவதில் கவனம் வையுங்கள். 10 - 12 முறை, மூன்று செட். பிறகு மற்ற மூன்று திசைகளிலும்.

இதோடு, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. முதலில் இரண்டு காலிலும், பிறகு இரண்டு காலில் ஏறி ஒற்றைக் காலில் இறங்குவது, கடைசியில் ஒற்றைக் காலிலேயே. ஒரு காலில் 20 - 25 முறை முடிந்தால் கெண்டைக்கால் ஓரளவு தேறிவிட்டது என்று அர்த்தம்.

இனி வருவதுதான் பெரும்பாலானவர்கள் செய்யாமல் விடும் பகுதி. ஒற்றைக் காலில் நிற்பது. வலி போன பிறகு வருகிற பயிற்சி என்பதால், இதற்குள் பலரும் நிறுத்தியிருப்பார்கள். பிசியோதெரபிக்குப் போய்க்கொண்டிருந்தவர்களும் 'அதான் சரியாயிடுச்சே' என்று நின்றுவிடுவார்கள். நெதர்லாந்து ஆய்வில் வித்தியாசத்தைக் காட்டியது இந்த வகைப் பயிற்சிதான்.

தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். அடுப்பில் பால் வைத்துவிட்டு, மேடையில் ஒரு விரலை மட்டும் வைத்துக்கொண்டு அடிபட்ட காலில் நில்லுங்கள். பால் பொங்குவதற்குள் எத்தனை தடவை மறு கால் தரையைத் தொடுகிறது என்று எண்ணுங்கள். முதல் நாள் எண்ணிக்கை கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும். 30 நொடிகள் ஆடாமல் நிற்க முடிந்ததும் விரலை எடுத்துவிடுங்கள். அது சுலபமானதும் பல் தேய்த்துக்கொண்டே நில்லுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, இதற்கு மட்டும் பக்கத்தில் சுவரோ, ஆளோ அவசியம், அடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம். கடைசியாக, மடித்த போர்வை அல்லது தலையணையின் மேல் ஏறி நிற்பது. வட்டப் பலகைக்கு வீட்டு மாற்று அது.

வயதானவர்களுக்கு ஒற்றைக் கால் பயமாக இருந்தால், கோயிலில் அடிப்பிரதட்சணம் செய்வது நினைவிருக்கிறதா? ஒரு காலின் குதிகால், மறு காலின் விரலைத் தொடும்படி அடி அடியாக நடப்பது. பிசியோதெரபிஸ்ட்டுகள் சொல்லித்தரும் சமநிலை நடை அச்சு அசல் அதேதான். வீட்டு வராண்டாவில் சுவரோரமாக, கை தொட்டுக்கொள்ளும் தூரத்தில், போக வர நாலு முறை நடந்தால் போதும்.

இளவயதினரும், விளையாட்டுக்குத் திரும்ப நினைப்பவர்களும் ஆறு வாரங்களுக்கு மேல் ஆனதும், வீக்கம் இல்லையென்றால், பாண்டி ஆட்டம் ஆடலாம். தரையில் கட்டம் போட்டு, ஒற்றைக் காலில் முன்னால், பக்கவாட்டில், குறுக்காகத் தாவி, ஆடாமல் இறங்கி நிற்பது. கபடி, வாலிபால் ஆடும் பிள்ளைகள் நேராக ஓடத் தெரிந்ததுமே களத்தில் இறங்கிவிடுகிறார்கள். கால் மடங்குவது நேராக ஓடும்போது அல்ல, திரும்பும்போதும் குதித்து இறங்கும்போதும்தான். இரண்டு காலிலும் ஒரே தூரம் தாவ முடியவில்லை என்றால் இன்னும் நேரம் வரவில்லை. தசைநார் பழைய உறுதியை எட்ட மாதங்கள் பிடிக்கும். அதுவரை மேட்ச் ஆடும்போது கணுக்கால் பிரேஸ் அல்லது டேப் நல்ல பாதுகாப்பு.

எந்தப் பயிற்சியிலும் எவ்வளவு வலி சரி? பத்துக்கு மூன்று வரை பரவாயில்லை. மறுநாள் காலை வீக்கம் கூடியிருந்தால் நேற்று செய்தது அதிகம். பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், அடியோடு நிறுத்த வேண்டாம்.

பத்து மணி நேரம் நிற்கிறவர்களுக்கு?

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் ஜவுளிக்கடையில் விற்பனையாளராக இருக்கிறார். ஒரே வருடத்தில் ஒரே கால் மூன்று தடவை மடங்கியது. மூன்றாவது தடவை, புடவைக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது. ஒவ்வொரு தடவையும் மாத்திரையும் கட்டும் கொடுத்தார்களே தவிர, இப்படிப் பயிற்சிகள் இருப்பதாக யாருமே அவரிடம் சொல்லவில்லை. பத்து நாள் லீவு போட்டால் அந்த மாதச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். அதனால் நாலாம் நாளே வேலைக்குப் போய்விடுவார். 'வலி இல்லைன்னு நானே சொல்லிக்குவேன்' என்றார்.

இவரைப் போன்றவர்களிடம் 'ஆறு வாரம் ஓய்வெடுங்கள்' என்று எழுதுவதில் அர்த்தமில்லை. ஆனால், ஒரு விஷயம் சட்டத்திலேயே இருக்கிறது. கடை ஊழியர்கள் வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்க வேண்டியதில்லை, அவர்களுக்கு இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவரப்பட்டது. அடிபட்ட காலோடு வேலைக்குப் போகிறவர், வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து காலைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துக்கொள்வது சலுகை அல்ல, உரிமை. உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மேஜைக்கு அடியில் 'அ, ஆ' எழுதலாம், யாருக்கும் தெரியாது. குதிகாலை உயர்த்தி இறக்குவதை கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றே செய்யலாம். ஒற்றைக் காலில் நிற்பதையும்தான். அந்த அக்கா இப்போது பில் கவுன்ட்டரில் கூட்டம் குறையும்போது அப்படித்தான் நிற்கிறார். எட்டாவது வாரம் ஓடுகிறது.

ரப்பர் செருப்பு விஷயத்தையும் சொல்லிவிடலாம். ஒரு பக்கம் தேய்ந்த ஹவாய் செருப்பு, ஒவ்வோர் அடிக்கும் பாதத்தை அந்தப் பக்கம் சாய்க்கிறது. செருப்பைக் கவிழ்த்துப் பார்த்து, வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். மூன்று மாதங்களுக்காவது குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும் பட்டை வைத்த தட்டையான செருப்போ, ஷூவோ நல்லது.

எப்போது மறுபடி டாக்டரிடம்?

ஆறு வாரங்கள் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் வலியோ, வீக்கமோ குறையவில்லை, சமதரையில் நடக்கும்போதே கால் நழுவுவதுபோல இருக்கிறது, மூட்டுக்குள் ஏதோ மாட்டிக்கொள்கிறது என்றால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். கணுக்காலுக்குள் குருத்தெலும்பு உடைந்திருந்தால் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ தேவைப்படலாம். கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் வலித்தால், அதுவும் பல நாள் படுத்திருந்தவர் என்றால், அன்றே போக வேண்டும். ரத்தக்கட்டி இருக்க வாய்ப்புண்டு.

தனியார் பிசியோதெரபி சென்டருக்குப் பத்து நாள் போய்வரும் செலவு எல்லோருக்கும் முடியாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமே இருக்கிறது. வீட்டைவிட்டு வெளியே வர முடியாத முதியவர்கள் என்றால், 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிக்கும் வசதியும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். போகும்போது பழைய எக்ஸ்ரே, மாத்திரைச் சீட்டு இரண்டையும் எடுத்துப் போங்கள். இதற்கு முன் அதே கால் எத்தனை தடவை மடங்கியது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். அதைப் பொறுத்துப் பயிற்சிகள் மாறும்.